பதினான்காவது கோட்டில் மஞ்சள்

அக்கா தேசியக் கொடிக்கு மஞ்சள் வைத்தாள். நடந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் நடந்ததில் பாதிக்கு என் கோழைத்தனம் பொறுப்பு.

எங்கள் வீட்டில் புதுத்துணி எதுவானாலும், ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் தொட்டு வைக்காமல் உடம்பில் ஏறாது. தீபாவளி வேட்டிக்கு உண்டு, பள்ளிச் சீருடைக்கு உண்டு. முதல் வேலைக்கு எடுத்த கால்சட்டைக்கும் அக்கா வைத்தாள். மேலாளர் உற்றுப் பார்த்துவிட்டு, "காலையிலயே கறியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். என் வீரம் அந்த அளவில்தான் அன்றும் இருந்தது.

அக்காவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. மலேசியாவில் ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். மருத்துவச்சியின் கைக்கு வந்து சேர்ந்தாள். பதிவேட்டுக்குள் வந்து சேரவில்லை. பத்து ஆண்டு கழித்து நான் கிள்ளான் ஆஸ்பத்திரியில் முறைப்படி பிறந்தேன். அதே அப்பா, அதே அம்மா. ஆனால் எனக்குக் குடிமகனின் நீல அடையாள அட்டை, அதாவது நீல ஐசி; அவளுக்கு இங்கே தங்கியிருக்க மட்டும் அனுமதிக்கும் சிவப்பு ஐசி. வாக்குச்சாவடிக்கு நான் போகும்போதெல்லாம் அவள் வெளியே நின்று என் குடையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு இந்த ஆண்டு நீல ஐசி வந்தது. குடியுரிமை நேர்காணலுக்கு நான்தான் அவளைத் தயார் செய்தேன். புத்தகம் படித்தவன் என்ற திமிரில் மூன்று வாரம் கொடியின் வரலாறு நடத்தினேன். முதலில் மாநிலத்துக்கு ஒன்றாகப் பதினொரு கோடு, நட்சத்திரத்துக்குப் பதினொரு முனை. மலேசியா உருவானபோது இரண்டும் பதினான்கு ஆயின. அதன் பிறகு இரண்டே ஆண்டில் சிங்கப்பூர் தனியாகப் போய்விட்டது. அதற்கான பதினான்காவது கோட்டை யாரும் அழிக்கவில்லை. அது இனிமேல் கூட்டரசைக் குறிக்கும் என்று பொருளை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நீலம் ஒற்றுமை, மஞ்சள் மன்னர்களின் நிறம். ஜாலூர் கெமிலாங் என்று கொடிக்குப் பெயர் வைக்கவே நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் பிடித்தன.

"அப்ப அதுக்கும் ரொம்ப நாளா பேப்பர் இல்ல," என்றாள் அக்கா.

பதினான்காவது கோடு விழுந்ததும் அவள் பிறந்ததும் ஒரே ஆண்டு. அதைச் சொன்னபோது மட்டும் அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தினாள். நேர்காணலில் கொடியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. மீன் எந்தப் பாசாரில் வாங்குகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்களாம். அதில் அவள் முதல் வகுப்பு.

தேசிய தின மாதமான ஆகஸ்டு பிறந்ததும் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு முழம் மல்லிகையும் ஒரு கொடியும் வாங்கி வந்தாள். பாலியஸ்டர் வேண்டாமென்று கடைக்காரரைப் படுத்தி வாங்கிய பருத்திக் கொடி. மல்லிகையைச் சாமிக்குப் போட்டாள். கொடியின் ஓரத்தில் மஞ்சள் வைத்து, நான்காவது மாடியில் எங்கள் வீட்டு முன்கம்பியில் கட்டினாள். எந்தக் கோடு யாருக்கு என்று கொடியில் எழுதியிருக்காது. மேலிருந்து எண்ணினால் மஞ்சள் விழுந்த அந்தக் கடைசி வெள்ளைக் கோடு பதினான்காவது. எண்ணிப் பார்த்துத்தான் வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் கொடியின் படம் வந்தது. மஞ்சளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். போட்டவர் எங்கள் சங்கச் செயலாளர். ஓய்வு பெற்றும் கழுத்தில் அட்டை தொங்கவிடுகிறவர். அடுக்குமாடி புளோக்குகளுக்கான தேசிய தின அலங்காரப் போட்டியில் இந்த முறை பரிசு வாங்கியே தீர்வது என்று நடந்துகொண்டிருந்தார். மாலையில் நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணே, கொடியில கறை இருக்கு லா."

"கறை இல்ல பாஸ், மஞ்சள்."

"உங்களுக்கு மஞ்சள். பாக்குறவனுக்கு? ஒருத்தன் கொடியை அவமதிச்சுட்டாங்கன்னு ஃபேஸ்புக்ல போட்டான்னா முடிஞ்சது. போலீஸ் வரும். யார் வீடு, யார் கட்டினது, ஐசி எடுன்னு கேப்பான். இன்னிக்கே எடுத்துருங்கண்ணே. இல்லன்னா நானே ரிப்போர்ட் பண்ற மாதிரி ஆயிரும்."

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐசி என்ற சொல் வந்ததும் உள்ளே போனாள். கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அட்டை அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்கிறாள். பிறகு ஜிப் மூடும் சத்தம்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வழக்கம்போல எல்லோருக்கும் நல்லபிள்ளையாக இருக்கும் முடிவு. காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் கொடியின் ஓரத்தை நனைத்து, துணி சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் இரத்தச் சிவப்பாகும் என்பது எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் தெரிந்த செய்தி. எத்தனையோ நாடுகளின் கொடி வரலாறு படித்திருந்த எனக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பதினான்காவது வெள்ளைக் கோட்டில், ஐம்பது காசு அகலத்துக்குப் பதினைந்தாவதாக ஒரு கோடு சிவப்பாகக் கிளம்பியது. மஞ்சளையாவது விளக்கலாம், இதைப் பார்த்தால் யாரையோ குத்திவிட்டுத் துடைத்த மாதிரி இருந்தது.

"என்னடா பண்ற?"

தலையில் துண்டோடு அக்கா நின்றிருந்தாள். என் கையில் சோப்பு.

"கறை போகட்டும்னுதான்..."

"கறையா?" என்றாள். "கார் வாங்கினியே, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினியே. கவர்மெண்டுக்கு லெட்டர் போட்டியா?"

"அது கார், அக்கா. இது கொடி."

"அது கடன்ல வந்த கார்டா. இது நான் வாங்கினது. மஞ்சள் வெக்கிற வரைக்கும் அது கடைத்துணி. வெச்ச பிறகுதான் நம்ம துணி." கொடியின் முனையை என் கையிலிருந்து வாங்கினாள். "அறுபத்திரண்டு வருஷம் சிவப்புல இருந்தவ நான். நீலத்துல பொறந்த உனக்கு என்னடா பயம்?"

அவளே நல்ல தண்ணீரில் சோப்பை அலசினாள். சிவப்பு இறங்கி மஞ்சள் மறுபடி வந்து உட்கார்ந்தது. கொடி கம்பிக்குத் திரும்பியது.

அன்று மாலை செயலாளர் மறுபடி வந்தார். நான் முந்திக்கொண்டு, மஞ்சள் மன்னர்களின் நிறம், பதினான்காவது கோட்டின் பொருளே ஒருமுறை மாறியிருக்கிறது என்று விரிவுரையை ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கைப்பையோடு வந்து என்னை ஒதுக்கினாள். நீல ஐசியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தம்பி, ரிப்போர்ட் பண்ணுங்க. போலீஸ் வரட்டும். இது வந்ததுலேர்ந்து ஒருத்தரும் என்கிட்ட ஐசி கேக்கல. யாருக்காச்சும் காட்டணும்னு ஆசையா இருக்கு."

"அக்கா, நான் அப்படிச் சொல்ல வரல லா..."

"கட்டினது நான். மஞ்சள் வெச்சதும் நான். பேர் இதுல இருக்கு, நல்லா எழுதிக்கங்க. இவன் பேரைப் போடாதீங்க, இவன் பயந்துக்குவான்."

எனக்காக யாரும் இவ்வளவு துல்லியமாகப் பரிந்து பேசியதில்லை.

அவர் எழுதவில்லை. கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரிசு போனால் புளோக்குக்கே நஷ்டம் என்று சொல்லிப் படியிறங்கினார். போலீஸ் வரவில்லை. அக்கா இரண்டு நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் இருவருக்கும் தெரியாமல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மஞ்சளுக்கு வெயில் ஆகாது. எங்கள் வீட்டு முன்புறம் மேற்கே பார்த்தது. கிள்ளான் வெயிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் அந்த ஓரம் வெளுத்து, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற நிழலானது. அதற்கு அடுத்த நாள் குழுவில் செய்தி வந்தது. இந்த முறை வட்டம் இல்லாத படம். கீழே, 'நான்காவது மாடிக் குடும்பத்தின் ஒத்துழைப்புக்கு நன்றி.' அதற்குப் பத்துப் பதினைந்து கைகூப்பல்கள் வேறு.

வாசித்துக் காட்டினேன்.

"என்ன ஒத்துழைப்பு?" என்றாள்.

"கறையை நாம எடுத்துட்டோம்னு நினைக்கிறாரு."

அக்கா சமையலறைக்குப் போனாள். கிண்ணத்தில் மஞ்சள்தூளைப் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"ஸ்டூலைப் பிடி."

பிடித்தேன். காற்றில் கொடி முரண்டு பிடித்தது. ஒரு கையால் ஓரத்தை இழுத்து, மறு கையின் கட்டைவிரலால் அதே இடத்தில் அழுத்தினாள். முதல் தடவையைவிடப் பெரிதாகவே வைத்தாள். எதிர் புளோக்கில் ஒரு பெண் துணி காயப்போடுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இறங்கியதும் கைப்பேசியை எடுத்தேன். கொடியைப் படம் பிடித்தேன். செயலாளருக்கு எதற்குச் சிரமம் என்று சிவப்பு வட்டத்தையும் நானே போட்டேன். கீழே என் பெயர், அக்காவின் பெயர், வீட்டு எண். குழுவுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை அழிக்கும் வசதி காலாவதியாகும் வரை கைப்பேசியை அவளிடமே கொடுத்து வைத்தேன்.