கீழே போட்டுக் காட்டச் சொல்லி வாங்கிய ட்ரோன்

பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறு வருடம். என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். திண்டிவனத்தில் என் சித்தி மகனுக்குக் கல்யாணம். மாதா கோயிலிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வரும்போது தலைக்கு மேல் பெரிய வண்டு இரைவது போல ஒரு சத்தம் கேட்டது. வீடியோக்காரர் ட்ரோன் விட்டிருந்தார். எல்லோரும் மணமக்களை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தோம்.

பந்தி போட்டபோது மகளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், வீடியோக்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ட்ரோன் வைக்கும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணாக்கா? ஒரு மணி நேரமா கேள்வி கேட்டுக்கினே கீறா," என்று அவர் சிரித்தார்.

"அம்மா, எனக்கு ஒண்ணு வாங்கித் தர்றியா?" என்றாள்.

நான் விழுப்புரத்தில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வீடியோக்காரர் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தபோதே அது நமக்கு எட்டாத சாமான் என்று தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இது என் சோத்துக்கு வாங்கினதுக்கா. பாப்பாவுக்கு இது வாணாம். சின்னதா, கையளவுல ஒண்ணு பாருங்க. கேமராவும் வாணாம், அந்த வெலைல வர்ற கேமராவுல மூஞ்சே தெரியாது. மொதல்ல நூறு வாட்டி கீழ விழும். விழுந்தா ஒடையாததா வாங்குங்க. ஒடஞ்சா றெக்க தனியா கெடைக்குதான்னு கேட்டுக்கங்க. அவ்ளோதான்."

மகள் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள். வேதபாடத்தைக் கூட அவள் அவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் செய்ததில்லை.

என் தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்க வேண்டும் என்று கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். மிதித்து மிதித்து முட்டி வலி வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு வாரம் அவள் நோட்டுக்குப் பின்பக்கத்தில் நான்கு றெக்கை வைத்து வரைந்துகொண்டே இருந்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஆனது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். என் சின்ன வயதில் ஒரு பொருளை நானே பார்த்து, இதுதான் வேண்டும் என்று சொல்லி வாங்கிய ஞாபகமே எனக்கு இல்லை. இவளுக்காவது அது இருக்கட்டும் என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மூவாயிரத்துக்குள்ள முடிச்சிக்கோ," என்று மட்டும் சொன்னார்.

முதலில் திண்டிவனத்துக்கே போனோம். கல்யாணத்துக்குப் போன அன்று ஒரு பொம்மைக்கடைக் கண்ணாடியில் ட்ரோன் ஒன்றை மகள் பார்த்து வைத்திருந்தாள். கடைக்காரர் எங்களை உட்கார வைத்து, பெரிய டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். டப்பாவின் மேல் மலை, கடல், சூரியன் எல்லாம் அச்சடித்திருந்தது.

"கேமரா வச்சதும்மா. பசங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க."

"றெக்கை ஒடஞ்சா தனியா கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"ஒடையாதும்மா."

"ஒடஞ்சா?"

"அதான் ஒடையாதுன்றேனே."

பறக்க விட்டுக் காட்டச் சொன்னேன். டப்பாவைப் பிரித்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார். நான் எழுந்துவிட்டேன். மகளும் எழுந்தாள், ஆனால் முகம் தொங்கிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். கோபத்தில் இருக்கிறாள், வீட்டுக்குப் போனதும் அழப்போகிறாள் என்று நினைத்தேன். பாதி வழியில் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்தக் கடைக்காரருக்கு அத ஓட்டவே தெரியாது. அதான் பிரிக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை விழுப்புரத்தில் செல்போன் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கவர், சார்ஜர், இயர்போன் நடுவே இரண்டு மூன்று ட்ரோன் டப்பாவும் வைத்திருந்தார்கள். கடையில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, கையளவுல இருக்கிறது எது? றெக்கையச் சுத்தி வளையம் இருக்கா? ஸ்பேர் றெக்கை தருவீங்களா? பேட்டரி தனியா விக்கிறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மகள் பக்கம் கையைக் காட்டினேன். அவர் கறுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்தார். உள்ளங்கையை விரித்தால் அதற்குள் அடங்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம். கையை எடுத்தாலும் ஒரே உயரத்தில் நிற்குமாம். ஒரு சார்ஜுக்கு ஏழு நிமிஷம் ஓடுமாம்.

"பறக்க விட்டுக் காட்டுறேன்," என்று அவரே சொன்னார்.

அது எழும்பி, கல்லாவுக்கு மேல் நின்றது. கடையே குளிர்ந்தது போல இருந்தது எனக்கு.

"இப்ப கீழ போட்டுக் காட்டுங்கண்ணா," என்றாள் மகள்.

"இன்னா?"

"கீழ போடுங்க. ஒடையுதான்னு பாக்கணும்."

நான் அவள் தோளை அழுத்தினேன். கடையிலிருந்த இன்னொரு ஆள் சிரித்துவிட்டார். கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை மேலே ஏற்றி, சட்டென்று நிறுத்திவிட்டார். அது சிமெண்டுத் தரையில் விழுந்து, ஒரு றெக்கை கழன்று ஸ்டூலுக்கு அடியில் ஓடியது. அவரே குனிந்து எடுத்து, இருந்த இடத்தில் அழுத்தி, மறுபடி விட்டார். பறந்தது.

"இதுதாம்மா," என்றாள்.

புது டப்பா எடுத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், விழுந்ததே போதும் என்று சொல்லிவிட்டாள். அந்த மகிழ்ச்சியிலோ என்னவோ, நான்கு றெக்கை கூடுதலாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மூவாயிரத்தில் மீதிகூட இருந்தது. அதில் இன்னொரு பேட்டரி வாங்கினோம்.

ரோட்டுக்கும் ரயில்பாதைக்கும் பக்கத்தில் விடக்கூடாது, ஆள் தலைக்கு மேல் விடக்கூடாது என்று இரண்டு கட்டளை போட்டேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்தெரு காலி மனையில் பழகினாள். சாக்கடையில் விழுந்தது. பக்கத்து வீட்டு வடகத்தில் இறங்கியது. முருங்கை மரத்தில் இரண்டு நாள் தங்கியது. பொறுமையாகக் கழுவித் துடைத்து, றெக்கை மாட்டி, மறுபடி விட்டாள். ஒரு மாதத்தில் மனையில் கிடந்த இரண்டு கிணற்று உறைகளைச் சுற்றி எட்டுப் போட்டு, என் கையில் கொண்டுவந்து இறக்கினாள்.

கோலியனூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் நாத்தனாருக்குத்தான் இது பிடிக்கவே இல்லை. "மெஷினுக்கு மோட்டார் போடாம, பொம்பளப் புள்ளைக்குப் பறக்குறத வாங்கிக் குடுத்துக்கினு கீற," என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் ஊருக்குப் போனோம். மாதா கோயில் வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. அதன் உச்சிக் கிளையில் மூங்கிலில் கட்டிய ஆளுயர நட்சத்திரத்தைத் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். வருடா வருடம் ஏறிக் கட்டுகிறவர் அந்த வருடம் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். ஏணி பாதிக்குக்கூட எட்டவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்து பார்த்தார்கள். ஒரு கல் கோயில் ஓட்டில் விழுந்ததும் பங்குச் சாமியார் கையைத் தூக்கிவிட்டார். "போதும்பா. கீழ் கிளையிலயே கட்டிடலாம்."

மகள் என் முந்தானையை இழுத்தாள். "அம்மா, உன் நூல் கட்டை இருக்கா?"

கடைசி நேர ஜாக்கெட் ஒன்றுக்கு ஊக்கு வைக்க வேண்டியிருந்ததால் பையில் நூல் இருந்தது. ட்ரோனின் அடியில் நூலைக் கட்டினாள். நான் நூல் கட்டையைப் பென்சிலில் கோத்து, தடையில்லாமல் சுழலும்படி பிடித்துக்கொண்டேன். கூட்டம் தள்ளி நின்றது. காற்று அடங்கிய சாயங்கால நேரம். அது மேலே போனது, கிளையைத் தாண்டியது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். அந்தப் பக்கம் இறக்கப் பார்த்தபோது நூல் றெக்கையில் சுற்றிக்கொண்டு, அறுந்து, ட்ரோன் வேர் மேல் வந்து விழுந்தது.

"நான்தான் சொன்னேனே," என்றார் நாத்தனார்.

மகள் அழவில்லை. உடைந்த றெக்கையைக் கழற்றிப் புதிதாக மாட்டினாள். பிறகு அத்தையிடமே போனாள். "அத்தை, பெட்ஷீட் ஒண்ணு குடுங்க. நாலு பேர் புடிச்சிக்கினு அந்தப் பக்கம் நிக்கணும். இறக்கினாத்தான் சுத்துது. தாண்டினதும் நிறுத்திடறேன், அதுவே விழட்டும்."

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்குப் போய் பெட்ஷீட்டோடு வந்து, ஒரு மூலையைத் தானே பிடித்தார்.

இரண்டாம் முறை என் விரலுக்கு இடையில் நூல் ஓடுவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணாந்து பார்க்கப் பயம். சத்தம் உயர்ந்தது, சன்னமானது, சட்டென்று நின்றது. நூல் வேகமாக ஓடியது. அந்தப் பக்கமிருந்து என் நாத்தனாரின் குரல்தான் முதலில் வந்தது.

"புடிச்சிட்டேன்! ஏய், நான் புடிச்சிட்டேன்!"

தையல் நூலில் சணல் நூலைக் கட்டி இழுத்தோம். சணல் நூலில் கயிற்றைக் கட்டி இழுத்தோம். நட்சத்திரம் ஆடி ஆடி ஏறி, உச்சிக் கிளையில் போய் நின்றது. யாரோ மணி அடிக்க ஓடினார்கள். சாமியார் என் மகளின் தலையில் கை வைத்து, "இன்னாமா, இத எங்க கத்துக்கின?" என்று கேட்டார். "விழுப்புரத்துல சாமி," என்றாள், அங்கே ஏதோ பெரிய காலேஜ் இருப்பது போல. எனக்கு நெஞ்சு நிறைந்து, கையில் மிச்சமிருந்த நூலைச் சுற்றுவது கூட மறந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு நாத்தனார் ரிமோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "எந்தக் கட்டைய தள்ளணும்?" என்று மெதுவாகக் கேட்டார். மகள் காட்டிக் கொடுத்தாள். ட்ரோன் எழும்பி, நேராகப் போய் வைக்கோல்போரில் மோதியது. "இன்னொரு வாட்டி," என்றார் நாத்தனார்.

அவர் விட்டு விட்டே இரண்டு பேட்டரியும் தீர்ந்துபோக, கோயிலில் மணி அடிப்பவர் அறையில் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து, மறுபடி அத்தை கையில் ரிமோட்டைக் கொடுத்தாள் மகள்.