சாக்கு நனைந்த காலைகள்

எங்கள் கிழவி தூக்கத்தில் ஓடுவாள். படுத்த இடத்தை விட்டு அசையமாட்டாள், ஆனால் ஓடுவாள். முதலில் முன்னங்கால்கள் மெல்லத் துடிக்கும். பிறகு பின்னங்கால்களும் சேர்ந்துகொள்ளும். தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போகிற ஒரு குட்டிக் குரைப்பு கேட்கும். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற அவசரத்திலும் நீங்கள் இரண்டு பேரும் நின்று பார்ப்பீர்கள்.

"அப்பா, இப்ப எங்க ஓடுறா?" என்று சின்னவன் கேட்பான்.

"புசல்லாவைக்கு."

"பஸ்ஸு இல்லாமலா?"

"அவளுக்கு எதுக்குடா பஸ்ஸு?"

கிழவி என்றால் மனுசி இல்லை, நாய்தான். குட்டியாக இருந்தபோது வைத்த பெயர் வேறு. இப்போது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பமாட்டாள். மண்ணிறம், கழுத்தடியில் மட்டும் வெள்ளை. பிள்ளைகளே, வளர்ந்த பிறகு நீங்கள் இதையெல்லாம் மறந்துவிடலாம் என்றுதான் எழுதி வைக்கிறேன். நான் படித்தது கொஞ்சம். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில்தான் அவள் வளர்ந்தாள். பல்லேகலயில் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் தொழிற்சாலை வேலை கிடைத்து குண்டசாலைக்கு வந்தபோது, லொறியில் அலுமாரிக்கும் கதிரைகளுக்கும் நடுவில் அவளும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் மழை. பாதையோரத்துத் தேயிலைச் சரிவுகளைத் தார்ப்பாய் இடுக்கால் பார்த்துக்கொண்டே வந்தாள். நாய்க்கு இடம் மாறுவது புரியுமா என்று நான் அன்று யோசிக்கவில்லை.

இந்த வீட்டு முற்றம் அப்போது வெறும் மண். மழை பெய்தால் சேறுதான். நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவன். மழைக்காலத்தில் லயத்து வாசலைத் தாண்டுவதற்குள் கணுக்கால்வரை சேறாகிவிடும். அந்தக் காலோடு வகுப்பில் போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பையன் தள்ளி உட்காருவான். என் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறும் படக்கூடாது என்பது எனக்குள் ஊறிப்போன ஆசை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மேசனைக் கூப்பிட்டு, மதிலில் இருந்து மதில்வரைக்கும் சீமெந்து போட்டோம். ஒரு மூலையில் செவ்வந்திச் செடிக்கு இடம் விடச் சொன்னாள் அம்மா. "செடியச் சட்டியில வச்சிக்கலாம்" என்றேன். எங்கள் பக்கத்து ஆட்கள் டவுனுக்கு வந்து வீடு பிடித்தால் முதலில் செய்வது இதைத்தான். முற்றத்தில் மண் தெரிந்தால் இன்னும் தோட்டத்திலேயே இருப்பது போல எங்களுக்கு ஓர் எண்ணம்.

ஈரம் காய்ந்து வெளுத்த அந்த முற்றத்தில் காலை வெயில் விழும்போது, மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து ஏறிவரும் மூட்டம் அதன்மேல் தவழ்ந்து போகும். பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும். கிழவி அதை ஒருநாளும் அசிங்கப்படுத்தியது இல்லை. "தோட்டத்து நாய்னு சொல்லவே ஏலாது, எவ்வளவு சுத்தம்!" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுடைய சாக்கு நனையத் தொடங்கியது.

அவள் படுப்பது முன்கதவுப் பக்கம், மடித்துப் போட்ட கோதுமைமாச் சாக்கில். ஒரு காலை அது நனைந்திருந்தது. அவள் எழுந்து சுவரோரமாகப் போய், எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். வயசாகிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த நாளும் நனைந்தது. பிறகு நடந்து போகும்போதே சொட்டுச் சொட்டாக. குந்துவாள், ஒன்றும் வராது, முனகுவாள். ஒருநாள் அந்தச் சொட்டில் சிவப்பு தெரிந்தது. பெரியவள்தான் முதலில் பார்த்தாள். அன்று பெரியவள் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை.

"சூடு பிடிச்சிருச்சுங்க" என்றாள் அம்மா. செவ்விளநீர் வாங்கிவந்து வெட்டி ஊற்றினாள். கிழவி அதை ஆசையாகக் குடித்தாள். முனகல் மட்டும் கூடியது.

மிருக வைத்தியர் சின்ன வயதுப் பெண். சிங்களத்தில் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். சிறுநீர்ப் பையில் கிருமி, வயதான பெண் நாய்களுக்கு வருவதுதான், ஆனால் எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும், காலை முதல் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். நீளக் கைப்பிடி உள்ள கரண்டி வீட்டில் இல்லையா என்று கேட்டார்.

அப்படித்தான் விடியற்காலையில் நான் குழம்புக் கரண்டியோடு எங்கள் ஒழுங்கையில் நடந்தேன். முன்னால் கிழவி, பின்னால் நான் குனிந்தபடி, எனக்குப் பின்னால் போத்தலோடு பெரியவள். வளைவில் இருக்கிற புல் முளைத்த வெற்று வளவுக்குப் போய்த்தான் கிழவி காலையில் ஒன்றுக்கிருப்பாள். அதற்கு முன்னால் இருக்கிறது முஸ்லிம் நானாவின் கடை. அவர் கடைப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, விடியவே சூப்பா?"

"நாயோட மூத்திரம் நானா. டெஸ்டுக்கு."

"யா அல்லாஹ்! அந்தக் கரண்டியத் திரும்பச் சட்டிக்குள்ள போட்டுறாதீங்க. பொண்டாட்டி ரெண்டு பேரையும் வெரட்டிருவா, ஒங்களையும் நாயையும்."

"நாய வெரட்டமாட்டா நானா, என்னையத்தான் வெரட்டுவா."

அவர் சிரித்தார். பிறகு, எட்டவே நின்றுகொண்டு, "நாயத் தொட்டாத்தான் எங்களுக்குக் கழுவணும். சொகமாகட்டும்னு துஆக் கேக்கேலாதுன்னு யாரும் சொல்லல்லதானே" என்றார்.

கரண்டியைக் கண்டதும் கிழவி குந்துவதை நிறுத்திவிட்டாள். நான் மரத்தைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், அவளைப் பார்க்காதது போல நின்றேன். கடைசியில் பிடித்துவிட்டோம். பெரியவள் அந்தப் போத்தலைக் கோயில் தீர்த்தம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

மாத்திரை வந்தது. வெண்ணெய் தடவிய பாணுக்குள் வைத்துக் கொடுப்போம். பாணைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்புவாள். கருவாட்டுத் துண்டுக்குள் வைத்த பிறகுதான் உள்ளே போனது. டொக்டர் சொன்னபடி கடைசி மாத்திரைவரை கொடுத்தோம். சாக்கு காய்ந்தது. அவள் பழையபடி வாலை ஆட்டினாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சாக்கு மறுபடி நனைந்தது. வேறு மாத்திரை. காய்ந்தது. மறுபடி நனைந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கல் இல்லை. இரத்தத்தில் சீனி கூடவும் இல்லை. டொக்டர் கிழவியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: ஒவ்வொரு தடவையும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு வருகிறது, இன்னும் சில மருந்துகள்தான் மிச்சம், இது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் இந்த வயதில் காப்பாற்றுவது கஷ்டம். "பகலில் எத்தனை தரம் போகிறாள்?" என்று கேட்டார். பகலில் வீட்டில் யாரும் இல்லை என்றேன். கொஞ்சம் கவனியுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். பொழுது விடிந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை, உங்களுக்குப் பள்ளிக்கூடம். கேட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாயந்தரம்தான் திறப்போம். இதில் யார் கவனிப்பது?

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் கேட்டாள்: "ஏறிருச்சுன்னா செத்துருவாளாப்பா?"

அம்மாதான் சொன்னாள்: "அப்பிடியெல்லாம் ஆகாது. போ, போய்ப் பாடத்தப் படி." ஆனால் சமையல்கட்டில் என்னிடம் மெதுவாக, "மருந்து குடுத்துக் குடுத்தே அவளக் கரைச்சிருவோம் போல இருக்குங்க" என்றாள்.

தைப்பொங்கலுக்கு அம்மாவின் தம்பி வீட்டுக்கு, புசல்லாவைக்குப் போனோம். கிழவியைத் தனியே விடப் பயந்து அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். அங்கே குளிர். மலையும் வானமும் பிரியாத வெள்ளை. வேன் கதவைத் திறந்ததும் அவள் இறங்கி, யாரையும் பார்க்காமல், லயத்துக்குப் பின்னால் புல் முளைத்த மண்ணில் போய்க் குந்தினாள். குந்தினாள், குந்தினாள், எழும்பவே இல்லை. சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன மச்சான், குண்டசாலையில மூத்திரம் போறதுக்கும் வரி போடுறாங்களா?" என்றான் அம்மாவின் தம்பி.

அங்கே இருந்த நாளெல்லாம் நினைத்தபோது வெளியே போய்வந்தாள். போனாள், இருந்தாள், வந்தாள். சாக்கு காய்ந்தே இருந்தது. நல்ல காற்று என்றேன் நான். நல்ல தண்ணி என்றாள் அம்மா.

திரும்பி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நாங்கள் எல்லோரும் வீட்டில். கிழவி முற்றத்தில் நடந்தாள். மதிலோரமாகப் போனாள், மூக்கைச் சீமெந்தில் வைத்து மோந்தாள், கேட்டுவரை போனாள், திரும்பி வந்தாள். பிறகு மறுபடி அதே சுற்று. கடைசியில் பெருமூச்சு விட்டுச் சாக்கில் படுத்துக்கொண்டாள். மத்தியானத் தூக்கத்தில் கால்கள் ஓடத் தொடங்கின. ஓட்டம் மெல்ல நின்றது. உடம்பு முழுக்கத் தளர்ந்து, முகம் குட்டி நாயின் முகம் போல ஆனது. அப்போது அவளுக்குக் கீழே சாக்கு கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பெரியவள் அசையவில்லை. கிழவியை எழுப்பவும் இல்லை. என்னைப் பார்த்து, ரகசியம் சொல்வது போல, "அப்பா, அவ நெனவுல அடக்கி வச்சிக்கிறா. கனவுல மண்ணு கெடச்சிருக்கும்ப்பா. அதான் விட்டுட்டா" என்றாள்.

நான் முற்றத்தைப் பார்த்தேன். வெயிலில் வெள்ளைவெளேர் என்று கிடந்தது. மதிலில் இருந்து மதில்வரைக்கும் ஒரு புல் இல்லை. காலையில் ஒழுங்கை வளைவுக்குக் கூட்டிப்போகிறேன், சாயந்தரம் கூட்டிப்போகிறேன். நடுவில் அந்த நீளப் பகல் முழுக்க, பிறந்ததில் இருந்து மண்ணிலேயே இருந்து பழகியவள், எங்கள் சீமெந்தை அசிங்கப்படுத்தக்கூடாது என்று அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதைத்தான் நாங்கள் சுத்தம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அப்படி அடக்கினால் பைக்குள் கிருமி பெருகத்தான் செய்யும், இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமுடியாது, ஆனால் செய்து பாருங்கள் என்றார். அதே மேசனிடம் சுத்தியலும் உளியும் கடன் கேட்டேன். "போட்டதே நான்தான். எதுக்கு ஒடைக்கிறீங்க?" என்றார். நாய்க்கு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

கேட்டுக்குப் பக்கத்து மூலையை உடைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் கை அதிர்ந்தது. அடியில் இருந்த மண் வெளுத்து, உயிர் போனது போலக் கிடந்தது. ஆற்றங்கரைப் பக்கமிருந்து நல்ல மண்ணும் புல் பத்தைகளும் சாக்கில் கட்டி நீங்கள் இருவரும் சுமந்து வந்தீர்கள். தண்ணீர் தெளித்தோம். கிழவி வந்தாள், மோந்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். இவ்வளவு நாள் கூடாது என்று நினைத்த இடத்தில் எப்படி ஒன்றுக்கிருப்பாள்?

சின்னவனுக்குப் பொறுமை இல்லை. காற்சட்டையை இறக்கிவிட்டு, "கெழவி, இங்க பாரு, இப்பிடி!" என்று அந்தப் புல்லில் அவனே தொடங்கிவிட்டான்.

"அடேய்! ரோட்டுல போறவங்க பாக்குறாங்கடா!" அம்மா அகப்பையோடு ஓடிவந்தாள். அவன் பாதியில் நிறுத்தமுடியாமல் அங்கேயே நின்று குதித்தான்.

கிழவி எழுந்து வந்தாள். அவன் விட்டுப்போன இடத்தை நிதானமாக மோந்தாள். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, காதைப் பின்னால் சாய்த்துக் குந்தினாள். அம்மாவின் அகப்பை மேலே தூக்கியபடியே நின்றது.

டொக்டர் கடைசியாகக் கொடுத்திருந்த மருந்தும் முடிந்தது. மழை வந்து போனது. பொறுத்திருந்து, மறுபடி மூத்திரம் கொண்டுபோய்க் கொடுத்தோம். முடிவு கேட்க எல்லோரும் சேர்ந்தே போனோம். டொக்டர் தாளைப் பார்த்தார், பிறகு பெரியவளைப் பார்த்து, கிருமி இல்லை என்று அவளிடம்தான் சொன்னார். வயதானவள், இனி ஒருபோதும் வராது என்று தன்னால் சொல்லமுடியாது, கவனமாக இருங்கள் என்றும் சொன்னார்.

வரும்போது முச்சக்கர வண்டியில் கிழவி பெரியவளின் மடியில் இருந்தாள். தூறல். ஆற்றுக்கு மேலே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்வளவு காலம் இருப்பா?" என்று பெரியவள் கேட்டாள்.

"தெரியாதும்மா."

"ஆனா இதுனால சாகமாட்டாதானே?"

"இதுனால இல்ல."

அவள் கிழவியின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கிழவி தலையை நிமிர்த்தி முனகினாள். பாதையோரம் நல்ல புல்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்கண்ணே, இவளுக்கு வருது" என்றேன்.

"நாய்க்கெல்லாம் நிப்பாட்டுனா வெயிட்டிங் போடுவேன், பாத்துக்கங்க" என்றார் ஓட்டுநர். ஆனால் ஓரமாக ஒதுக்கினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. கிழவி இறங்கி, ஈரப் புல்லில் தனக்குப் பிடித்த இடத்தைத் தேடத் தொடங்கினாள். ஓட்டுநர் கொஞ்சம் பார்த்தார். நேரமாகும் போல என்று எஞ்ஜினை நிறுத்திவிட்டார்.