முடிச்சில்லாத பலகை

அல்சூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு நல்ல பலகை வருவதே இல்லை. வெடிப்பு, முடிச்சு, புழுத்துளை என்று யாரும் சீந்தாத தேக்கைத்தான் என் கணவர் மர டிப்போவில் பொறுக்கி எடுத்து வருவார். பேண்ட்சா என்கிற ரம்ப மிஷினில் அதை மெல்லிய தகடுகளாக அறுத்து, பழுதை ஒதுக்கிவிட்டு பிளைவுட் மேல் ஒட்டினால், வைட்ஃபீல்ட் ஃபிளாட்டுகளுக்கு அழகான அலமாரிக் கதவாகிவிடும். அவர் பலகையைத் தள்ளுவார். நான் மறுபக்கம் நின்று தகட்டை எடுப்பேன். கல்யாணமான புதிதிலிருந்து இப்படித்தான்.

போன வருஷம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. மிஷின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார். இவர் கேட்கிற ஆளா? தகடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் காகிதமாகவும் வந்தது. “பலகை சரியில்ல” என்பார். நானும் “ஆமாங்க” என்பேன். அந்தக் கை பிளேடை நெருங்கும்போதெல்லாம் தகட்டை விட்டுவிட்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். விரல் போய்விட்டால் என்ன செய்வேன்?

பிறகுதான் கவனித்தேன். வரவர இன்னும் மோசமான பலகையாகப் பார்த்து வாங்கினார். பழிபோட ஒரு முடிச்சு இருந்தால் போதும், மனுஷனுக்கு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரிடம் சொல்லாமல் நானே டிப்போவுக்குப் போய், பழுதே இல்லாத ஒரு பலகையை வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஓரங்களைத் தடவினார். வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இதுல ஒரு முடிச்சுகூட இல்லியே.”

“இல்லீங்க.”

“இன்னாத்துக்கு வாங்கியாந்த?”

சண்டை போடத்தான் வாங்கி வந்தேன். ஏன்தான் வாங்கினோமோ என்றிருந்தது. என் பார்வை அவருடைய வலது கைக்குப் போனது.

அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக நடந்து மிஷினின் மறுபக்கம், நான் எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

“நீ தள்ளு. வெளிய வந்தப்புறம் நான் எடுத்துக்கறேன்.”

“எனக்கு வராதுங்க.”

“இத்தினி வருஷமா பாக்கறல்ல? தள்ளு.”

சுவிட்சைப் போட்டேன். பயத்தில் என் கை அவர் கையைவிட மோசமாக நடுங்கியது. தகடு அலை அலையாக வந்து விழுந்தது. அவ்வளவு நல்ல தேக்கைப் பாழாக்கிவிட்டேனே என்று சுவிட்சை அணைத்தேன். அவர் அதை எடுத்து, இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“பலகை சரியில்ல” என்றார்.