இஞ்ஞாசி தேர்ந்தெடுத்த காஸ்க்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் இஞ்ஞாசியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், விமானப்படையில் இருந்தவர். கடைசியாகச் சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. விமானப்படைத் தளம் ஒன்றில் பென்ஷன் வரும்வரை சீருடைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். விமானத்துக்கும் அவருக்கும் நடுவே எப்போதும் காற்சட்டைகள் அடுக்கி இருந்தன, அவ்வளவுதான்.

அதன்பிறகு லெ பூர்ஜே விமான நிலையத்தில், பணக்காரர்களின் சிறிய ஜெட் விமானங்களை ஓட்டித் தரும் ஒரு கம்பெனியில் சாமான் வாங்கும் வேலை. சோப்பு வாங்குவார், துடைப்பம் வாங்குவார். 1986இல் மேலதிகாரி விடுப்பில் போன சமயம், புதிதாக வந்த ஜெட்டின் விமானிகளுக்குக் காதில் மாட்டும் ஹெட்செட் வாங்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

தலைமை விமானி மொரேல் மூக்குக்கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். கடைக்காரர்கள் அனுப்பிய மாதிரிகளை மேசையில் வைத்துச் சொன்னார்: "இந்த விமானத்தில் விமானி அறைக்குள் பெரிய சத்தம் கிடையாது, இஞ்ஞாசி. லேசாக இருந்தால் போதும். மணிக்கணக்கில் தலையில் கிடக்கிற பொருள்."

"எனக்கா சொல்கிறீர்கள்? நான் விமானப்படை" என்றார் இஞ்ஞாசி.

அவர் கண் அதற்குள் பச்சை நிறத்தில் இருந்த கனமான ஒன்றின்மேல் போய்விட்டது. காதுக்கு ஒன்றாக இரண்டு தேங்காய் மூடிகளைக் கவிழ்த்தது போல இருந்தது. லேசானது டெலிபோன் ஆபீஸ் பெண்கள் மாட்டுகிற மாதிரி இருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஆண்பிள்ளை விமானம் ஓட்டுவானா?

பச்சையை அன்று மாலையே தலையில் மாட்டி, மைக்கை வாய்க்கு நேரே வளைத்துவிட்டு, ரயிலேறி வந்தார். ரயிலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது பாரிஸ். ரூ லூயி-பிளாங் தெருவில் வாமதேவனின் உணவகத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னண்ணை, தலையிலை ஹெட்செட்?" என்றார் வாமதேவன்.

இஞ்ஞாசி ஒரு காதை மட்டும் விலக்கினார். "ஹெட்செட் இல்ல, காஸ்க். இந்த நாட்டுல இருக்கீங்க, இந்த நாட்டுப் பேச்ச கத்துக்குங்க. ஜெட்டுக்கு எது வேணும்னு நான்தான் முடிவு பண்ணணும். ஒரு தெஸ்த் பண்ணிடலாம்."

நேரே சமையலறைக்குள் போய், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் பக்கத்தில் நின்றார். "கோசலை, ஏதாவது கத்துங்க!"

வாமதேவனின் மனைவி கோசலைக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. "விசர் மனுசா, தள்ளி நில்! சாம்பார் அடிப்பிடிக்குது!"

இஞ்ஞாசி முகமெல்லாம் மலரக் கட்டைவிரலை உயர்த்தினார். "ஒரு வார்த்த கேக்கல! அபாரம்!"

"பிளேனுக்கை கிரைண்டர் வைச்சிருக்கினமோ, அண்ணை?" என்று வாமதேவன் கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை. வாமதேவன் திருப்பிக் கேட்கவும் இல்லை. மறுநாள் பிரெஃபெக்சர் அலுவலகத்தில் விசா விஷயமாகப் பிரெஞ்சு பேச இஞ்ஞாசிதான் கூட வரவேண்டும்.

தபால் ஆபீஸில் வேலை பார்த்த மனைவி தெரேஸ் வீட்டில் அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. "காது ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி செவந்து கெடக்கு. அந்த மனுஷன் லேசாத்தானே கேட்டாரு?"

"தபால் ஆபீஸ்காரிக்கு விமானத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று இஞ்ஞாசி முடித்துவிட்டார்.

பச்சையே வந்து இறங்கியது. ஏதென்ஸ் போய்த் திரும்பிய மொரேலின் இரண்டு நெற்றிப்பொட்டிலும், கண்ணாடிக் காம்பு அழுந்திய இடத்தில், பள்ளம் விழுந்திருந்தது. அவர் கத்தவில்லை. காஸ்கைக் கழற்றி இஞ்ஞாசியின் மேசையில் வைத்தார். "மத்தியானம்வரை இதை மாட்டிக்கொண்டு வேலை பாருங்கள். பிறகு பேசுவோம்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். விமானப்படை என்று சொல்லிவிட்டபிறகு எப்படிச் சொல்வது? மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், கணக்குப் பார்க்க அவர் போட்டிருந்த கண்ணாடியின் காம்பு மண்டைக்குள்ளேயே இறங்குவது போல வலித்தது. கழற்றவில்லை. பக்கத்தில் டெலிபோன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் சோப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய வாடிக்கையாளர் விஷயமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்த இயக்குநர் மாடியிலிருந்து தானே இறங்கி வந்தார். முதுகுக்குப் பின்னால் நின்று அதட்டினார். எதிரே இருந்தவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் இஞ்ஞாசி திரும்பினார், காஸ்கைக் கழற்றினார்.

"எந்த விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், மெஸ்யே?" என்றார் இயக்குநர்.

அறை முழுவதும் சிரித்தது. மொரேல் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

பச்சை திரும்பிப் போனது. லேசானதை மொரேலே தேர்ந்தெடுத்தார். விமானத்துக்குள் வைக்கிற எதையும் இனி இஞ்ஞாசி வாங்கக் கூடாது என்று உத்தரவானது.

அன்று மாலை அவர் உணவகத்தை எட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். "எல்லாரும் சிரிச்சாங்க, தெரேஸ்" என்றார். தெரேஸ் துணியை நனைத்து அவர் காதில் ஒற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காதும் கதையும் சரியாகிவிட்டன.

"விமானிங்க எல்லாம் பெரிசுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க" என்று உணவகத்தில் ஆரம்பித்தார். "நான் விடல. ஜெட்டுக்கு லேசுதான் சரின்னுட்டேன்."

"ஓம் அண்ணை" என்றார் வாமதேவன், மேசையைத் துடைத்தபடி.

புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து சாப்பிட வந்திருந்த அரியரத்தினம் என்பவர் வாயைப் பிளந்தார். "அப்ப உங்களைக் கேட்டுத்தான் அங்கை பிளேன் ஓடுதோ?"

"அப்படிச் சொல்லிட முடியாது" என்றார் இஞ்ஞாசி, அப்படித்தான் என்கிற குரலில்.