மைக் கீச்சிட்டபோது

ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில், எங்கள் கம்பெனிக் கூட்டத்தில் நான் பேச எழுந்ததும் மைக் கீச்சிட்டது.

தமிழக எல்லையோர ஊரான நகரியில் என் தெலுங்குப் பள்ளியின் சுதந்திர தின விழாவிலும் மைக் இப்படித்தான் கத்தியது. கொடிக்கம்பத்தடியில் சுண்ணாம்பு வாசனை. மனப்பாடம் செய்த தெலுங்குப் பேச்சு பாதியில் மறந்து, வாய் தானாக வீட்டுத் தமிழுக்குத் தாவியது. மைதானமே சிரித்தது. இறங்கப் போனேன்.

முன்வரிசையில் இருந்த என் தோழி மல்லிகா எழுந்து கத்தினாள்: “ஏய், எறங்காதடி! தமிழ்லியே சொல்லிக்கினு போ!”

சொன்னேன். அவர்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. நானும் பேச்சை நிறுத்தவில்லை.

இன்று பேச வேண்டியது ஆங்கிலத்தில். பாதி ஸ்லைடில் வார்த்தை சிக்கியது. யாரோ சிரித்தார்கள். மைக்கை இன்னும் கிட்டே இழுத்தேன். அன்று பள்ளியில் என் காலை வாரிவிட்ட தெலுங்கிலேயே மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.