கன்னடத்தில் ஒரு ‘பிடி’

“ஸ்டியரிங்கின் டை ராட் முனைகள் மாற்றியாயிற்று, நேராக ஓடுகிறது.” சென்ற மார்ச், முதல் சனிக்கிழமை, என் பழைய அம்பாசடரின் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்.

அன்று சோதனை ஓட்டத்தில் மெக்கானிக் மஞ்சண்ணா ஸ்டியரிங்கைக் காட்டி, “பிடி சார், பிடி” என்றார். திருச்சியிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்து ஒரு வருடமே ஆன நான் இறுகப் பிடித்தேன்.

மறுநாள் அல்சூர் ஏரிச் சாலையில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யப் பிடியைத் தளர்த்தினேன். கார் இடப்பக்கம் இழுத்துப்போய், நின்றிருந்த ஆட்டோவுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக்கில் நின்றது. “ஏரிக்கு இது வழியில்ல சார்” என்றார் ஆட்டோக்காரர்.

நடந்ததைப் போய்ச் சொன்னதும் மஞ்சண்ணா தலையில் கைவைத்தார். “நம்ம கன்னடத்துல பிடின்னா விடு சார். கைய விட்டாத்தானே எங்க இழுக்குதுன்னு தெரியும்?”

இப்போது காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, கையை விட்டுப் பார்த்த பிறகே குறிப்பு எழுதுகிறேன். சக்கர அலைன்மென்ட், டயர் இரண்டையும் பிறகு ஒரே நாளில் சரிசெய்துவிட்டதால், இழுத்தது எதனால் என்பது இன்னும் உறுதியாகவில்லை.