பனி இறங்கினால் அடிக்காத மணி

1. தொரைக்கு வந்த ஆசை

ஹட்டனில் ஒரு தோட்டக் கம்பனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், ஒரு மேசை, மழைக்காலத்தில் தாளை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராத ஒரு பிரின்டர், அவ்வளவுதான் பிரிவு. சுற்றியிருந்த தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் ‘கம்ப்யூட்டர் மிஸ்’. கீபோர்டில் தேத்தண்ணி கொட்டினாலும் மிஸ்ஸைக் கூப்பிடுவார்கள், தொரை மகளின் ஃபோனில் பாட்டு வராவிட்டாலும் மிஸ்ஸைக் கூப்பிடுவார்கள்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்ஸ் சர்வரை எப்படி ஓட்டுவது என்று அவ்வப்போது கேட்கிறார்கள். அதை நிறுவப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதனால் ஒரு மனிதனின் வேலையும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகப் பார்த்தன. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, புது டிரையர் வந்தது. கூடவே ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியும் வந்தது. டிரையருக்குள் போகும் காற்றின் சூட்டை அதிலிருந்த புரோகிராம் கவனித்து, திரையில் கிராஃபாக வரையும். சூடு எல்லை தாண்டினால் மணி அடிக்கும். டிரையரில் நிற்கும் முத்தையா அண்ணன் அடுப்பைக் குறைப்பார். இதற்காகத்தான் திரையை அவர் கண்ணில் படும்படி சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அது பெரிய தொரைக்குப் பொறுக்கவில்லை. தோட்ட மேனேஜரைத்தான் எங்கள் பக்கம் இன்னும் பெரிய தொரை என்கிறோம். வெள்ளைக்காரன் போய்விட்டான், சொல் போகவில்லை.

“ஸ்டோர்ல இருக்கிறவங்களுக்கு எதுக்கு மிஸ் கிராஃப்? மணி அடிச்சா அடுப்பக் கொறைக்கட்டும், அடிக்காட்டி கை வைக்க வேணாம். கிராஃப நான் பாத்துக்கிறேன்” என்றார்.

பங்களாவில் இருக்கும் தன்னுடைய விண்டோஸ் லெப்டொப்பில் அது தெரிய வேண்டும், தொடங்குவதும் நிறுத்துவதும் தன் கையில் மட்டுமே இருக்க வேண்டும். இதுதான் உத்தரவு. சுவரில் இருந்த திரை கழற்றப்பட்டு, உதவி மேனேஜரான சின்ன தொரையின் பங்களாவில் டீவியாக மறுவாழ்வு பெற்றது.

2. அனுமதி மறுக்கப்பட்டது

லினக்ஸ் போல யூனிக்ஸ் வழியில் வந்த மெஷின்களில் ஒரு வசதி உண்டு. புரோகிராம் ஒரு மெஷினில் ஓடும், அதன் ஜன்னல் இன்னொரு மெஷினில் தெரியும். ஜன்னலை வரைந்து காட்டும் வேலையைச் செய்வதுதான் எக்ஸ் சர்வர். அது பார்க்கிறவரின் மெஷினில் ஓட வேண்டும். விண்டோஸில் தானாக அது கிடையாது, நாம்தான் போட வேண்டும். ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் இடையில் கெமராவுக்காகப் போட்ட வயர்லெஸ் ஏற்கெனவே இருந்தது. ஆக, வேலை சுலபம்.

சுலபமாகத்தான் இருந்திருக்கும், தொரை பக்கத்தில் உட்காராமல் இருந்திருந்தால்.

எக்ஸ் சர்வரை முதலில் ஓடவிட்டதும், இதற்கு நெட்வேர்க் அனுமதி கொடுக்கலாமா என்று விண்டோஸ் கேட்டது. நான் மவுஸைத் தொடுவதற்குள் தொரை ‘கென்சல்’ அழுத்திவிட்டார்.

“சார், அது நம்ம புரோகிராம்தான். அனுமதி குடுக்கணும்.”

“யார் என்னன்னு விசாரிக்காம எப்பிடி மிஸ் பெர்மிஷன் குடுக்கிறது?”

விசாரிக்காமல் அவர் எதுவும் செய்யமாட்டார் என்று அன்றைக்கு நானும் நம்பினேன். மறுபடி கேட்டது, மறுபடி மறுத்தார். கடைசியில் அவர் கைகழுவப் போன நேரம் பார்த்து நானே அனுமதி கொடுத்தேன். திரும்பி வந்தபோது கிராஃப் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தான் மறுத்ததால்தான் அது ஒழுங்காக ஓடுகிறது என்று முடிவு கட்டினார்.

புறப்படுமுன் விஷயத்தைச் சொன்னேன். இந்த லெப்டொப் நின்றால் ஸ்டோரில் புரோகிராமும் நின்றுவிடும். கூத்து நடக்கிற இடத்தையே சுருட்டிக்கொண்டு போனால் ஆட்டக்காரன் எங்கே ஆடுவான்? அப்படி நிற்காமல் இருக்கவும் வழி உண்டு. ஸ்டோர்ப் பெட்டிக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையை உண்டாக்கி, புரோகிராமை அதில் ஓடவிடலாம். லெப்டொப் அதை எட்டிப் பார்க்க மட்டும் செய்யும்.

“அப்பிடின்னா நான் இங்க ஸ்டொப் பண்ணுனாலும் அங்க ஓடுமா?”

“ஓடும், சார்.”

“அப்ப வேணாம்.”

“சரி சார். அப்ப இத மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க.”

“ஆஃப் பண்ணவே மாட்டேன், மிஸ்” என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். வம்பே அங்கிருந்துதான் ஆரம்பமானது.

3. கருகல்

பல மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் முத்தையா அண்ணன் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வேலை நாளில் அவரை டவுனில் பார்த்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

“என்னைய வேலையவிட்டு நிப்பாட்டி வச்சிருக்காங்க, மிஸ்” என்றார். “தேயில கருகிப்போச்சு. ஒருக்கா இல்ல, மூணு தரம். நான் தூங்குறதுக்காக மணிய நிப்பாட்டிட்டேன்னு தொர சொல்றாரு. சத்தியமா அந்தப் பொட்டிய நான் தொட்டதுகூட இல்லீங்க.”

“கருகுற வாசம் வரலியா, அண்ணே?”

“வராம? ஆனா மணி அடிக்காம அடுப்புல கை வைக்கக் கூடாதுன்னு ஆர்டருங்களே. போன மாசம் கை வச்சதுக்கு வார்னிங் லெட்டர் குடுத்தாங்க.”

கை வைத்தால் வார்னிங், வைக்காவிட்டால் வேலைநீக்கம். ஒரு மனிதனை நிறுத்தி வைக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

அடுத்த வாரம் விசாரணை. வேலை போனால் லயத்து வீட்டையும் விடச் சொல்வார்கள். அவருடைய மகள் அந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுத இருந்தாள். “வீடு மாறிக்கிட்டு எப்பிடி மிஸ் படிக்கும்?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே தோட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

தொரை நல்ல வேகத்தில் இருந்தார். “நான் காலைல ஸ்டார்ட் பண்றேன் மிஸ், பின்னேரம் வந்து பாத்தா கிராஃப் இல்ல! நான் இங்க ஸ்டார்ட் பண்ணப் பண்ண, அங்க எவனோ ஸ்டொப் பண்றான். டிரையர் பக்கத்துல நிக்கிறது யாரு? முத்தையா! இதுக்கு மேல என்ன விசாரணை?”

“லெப்டொப்ப ஆஃப் பண்ணுனீங்களா, சார்?”

“நெவர்!”

பார்த்தேன். உண்மைதான். வாரக்கணக்கில் அது ஆஃப் ஆகவே இல்லை. ஆனால் அது நான் அமைத்துக் கொடுத்த லெப்டொப் இல்லை. கருகல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கொழும்பிலிருந்து புதிது வந்திருந்தது. எக்ஸ் சர்வரையும் அவர்களே போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

4. மூன்று மணி

தொரை மலையைச் சுற்றப் போய்விட்டார். நான் பங்களா ஒபிஸ் அறையில் உட்கார்ந்து கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் வரை பிசிறில்லாமல் ஓடியது. மூன்று மணிவாக்கில் பனி இறங்கியது. அந்தப் பக்கத்துப் பனிக்கு வாசலில் நின்று கேட்கிற பழக்கம் கிடையாது, நேரே உள்ளே வந்துவிடும்.

பனிக்குப் பின்னாலேயே அப்பு வந்தார். அப்பு என்றால் பங்களாவின் சமையற்காரர், எத்தனையோ தொரைகளைச் சாப்பாடு போட்டு அனுப்பி வைத்தவர். ஜன்னல்களைச் சாத்தினார். ரேடியோவுக்குத் தைத்த துணி உறையைப் போட்டார். பிறகு என்னிடம், “கொஞ்சம் கைய எடுங்க, மிஸ்” என்று சொல்லி, லெப்டொப்பின் மூடியை மெதுவாக மூடினார்.

“ஏன் அப்பு மூடுறீங்க?”

“பனிக்கு எல்லாத்தையும் மூடச் சொல்லித் தொர ஆர்டருங்க. ஈரம் பட்டாக் கெட்டுப்போயிருமாம். நான் பாக்கலேன்னா அவரே மூடிருவாரு.”

திறந்து பார்த்தேன். கிராஃப் இல்லை. மூடியை மூடியதும் லெப்டொப் தூங்கப் போய்விட்டது, எக்ஸ் சர்வரும் கூடவே போய்விட்டது, ஸ்டோரில் புரோகிராம் நின்றுவிட்டது, இனி மணி அடிக்காது. பழைய லெப்டொப்பை, மூடினாலும் தூங்காதபடி நான் வைத்திருந்தேன். புதியதில் கொழும்புக்காரர்கள் அதைச் செய்யவில்லை. கொழும்பில் ஏது பனி?

முத்தையா அண்ணனின் வீடு தப்பித்தது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் வேறொன்று தோன்றியது. இதை இப்படியே போய்ச் சொன்னால், அவர் நிற்கும் இடத்தில் அப்புவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆர்டர் போட்ட ஆளை விட்டுவிட்டு, அதைச் செய்த கையைப் பிடிக்கும் ஒபிஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அமைப்பிலும் கை வைக்கவில்லை. தொரை வந்ததும் ஒன்று மட்டும் கேட்டேன். “சார், விசாரணைய இந்த ரூம்லயே வைக்கலாமா? கிராஃப நேராக் காட்டலாம். ரெண்டரைக்கு வச்சா எனக்கு பஸ்ஸுக்கும் வசதி.” சாட்சிக்குக் கிராஃப் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

சமையலறைக்குப் போய் அப்புவிடம், “அன்னைக்கு பனி எறங்குறப்ப தொர கூப்பிட்டாலும் கேக்காத மாதிரி அடுப்படியிலேயே இருங்க” என்றேன்.

“ஏசுவாருங்களே, மிஸ்?”

“ஏசட்டும். போனா ஏச்சோட போகட்டும்.”

அப்பு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அன்றைக்குத் தேங்காய் துருவுகிற வேலை இருக்கிறது என்றார்.

5. விசாரணை

விசாரணை நாளில் மேசைக்குப் பின்னால் தொரை, அவர் முன்னால் திறந்த லெப்டொப். ஒரு பக்கத்தில் சின்ன தொரையும் நானும், மறுபக்கத்தில் யூனியன் தலைவர். நடுவில் முத்தையா அண்ணன், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், புரோகிராம் நின்றால் உடனே தொரைக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

தொரை பேசினார். ஒழுக்கம் பற்றி, விசுவாசம் பற்றி, தன் காலத்தில் ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்பது பற்றி. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவையில்லாத நாளிலெல்லாம் வந்து வழியை மறைக்கிற பனி, அன்றைக்கு மூன்று தாண்டியும் வரவில்லை. தலைவர் கேட்க நினைத்ததெல்லாம் கேட்டு முடித்துவிட்டார். தொரை பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

வந்தது. முதலில் முற்றத்து ரோஜாச் செடிகள் மறைந்தன, பிறகு ஜன்னல் கம்பி.

“அப்பு! ஜன்னல்!” என்றார் தொரை. தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்டது.

“வாட் இஸ் திஸ்?” என்று அலுத்துக்கொண்டே எழுந்தார். ஜன்னலைத் தானே சாத்தினார். ரேடியோவுக்கு உறை போட்டார். மேசைக்குத் திரும்பி வந்து, லெப்டொப்பின் மூடியை மூடி, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். “ஈரம் பட்டா மெஷின் என்னத்துக்கு ஆகும்? சரி, எங்க விட்டோம்?”

அவருடைய ஃபோன் அடித்தது.

“என்ன? நின்னுருச்சா? இப்பவா?” தொரையின் குரல் ஏறியது. “பாத்தீங்களா! நான் சொல்லல? யார் ஸ்டொப் பண்ணுனது? முத்தையாதானே?”

தலைவர் தொண்டையைச் செருமினார்.

“முத்தையா இங்கதாங்க தொர நிக்கிறாரு.”

தொரை நிமிர்ந்து பார்த்தார். முத்தையா அண்ணன் அதே இடத்தில், அதே துண்டோடு நின்றார். தொரையின் கை இன்னும் மூடியின் மேல்தான் இருந்தது.

“சார், மூடியத் தொறந்து பாருங்க” என்றேன். திறந்தார். கிராஃப் இல்லை. மூடி, தூக்கம், எக்ஸ் சர்வர், புரோகிராம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினேன். அப்புவின் பெயரை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

தொரை பேனாவை மூடி வைத்துவிட்டு, “அப்ப இது டெக்னிக்கல் ஃபோல்ட்” என்றார்.

“ஆமா சார், டெக்னிக்கல்தான்.”

மறுநாளே முத்தையா அண்ணன் டிரையருக்குத் திரும்பிவிட்டார். நான் புரோகிராமை ஸ்டோர்ப் பெட்டியின் மறைவுத் திரைக்கு மாற்றினேன். இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தொரை தினமும் காலையில் ஸ்டார்ட் அழுத்துவார், ஜன்னல் வரும். ஸ்டொப் அழுத்துவார், ஜன்னல் போகும். ஸ்டோரில் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் நிம்மதி.

6. சுற்றறிக்கை

அடுத்த வாரம், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. பனி நேரத்தில் ஸ்டோர்த் தொழிலாளர்கள் எவரும் லெப்டொப்பை மூடக் கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. ஸ்டோரில் லெப்டொப்பே கிடையாது. இருந்தாலும், வாசித்து விளங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். முதல் கையெழுத்து முத்தையா அண்ணனுடையது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “நீங்க ஏன் போட்டீங்க, அண்ணே?” என்று அவரிடமே கத்திவிட்டேன்.

“விடுங்க மிஸ். எம்பொண்ணு வீட்டுல ஒக்காந்து படிக்குது.”

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு புரோகிராம் நின்றால், பக்கத்தில் யார் நின்றார் என்று முதலில் பார்க்காதீர்கள். அது யாருடைய திரையை நம்பி ஓடியது என்று பாருங்கள். பார்த்த பிறகு, அதை எந்த நேரத்தில், யார் முன்னால் சொல்வது என்று இன்னும் ஒரு தடவை யோசியுங்கள்.

கடைசியாக அந்தப் பக்கம் போனபோதும் சுற்றறிக்கை டிரையருக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. சூட்டில் சுருண்டு பழுப்பேறிவிட்டது. அது தொங்குகிற ஆணியில்தான் முத்தையா அண்ணன் தன் துண்டைப் போட்டு வைக்கிறார்.